பெர்த்தாம் ஏற்றமும் என் உடம்பும்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தையல் மிஷின் வைத்திருந்த ஒரே பெண் நான். அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டினார். அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரு வயது மகள், நான் என்று நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வரிசை வீடுகளாக இருந்த லயத்தில் கடைசி வீட்டில் குடியிருந்தோம்.

நான் நல்ல குண்டு. பூசினாற்போல இருப்பாள் என்று சில பெண்களைச் சொல்வார்கள். என்னை அப்படிச் சொல்லி யாரும் ஏமாற்ற முடியாது. எனக்கு நானே ரவிக்கை தைத்துக்கொள்கிறவள், என் அளவு எனக்குத் தெரியும். நாடா இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுவர்க்கண்ணாடியில் முகம் மட்டும் பார்த்துப் பழகியிருந்தேன். கழுத்துக்குக் கீழே என் பார்வை போவதில்லை.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் மங்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். துரை பங்களாவின் திரைச்சீலைகளும் துரைசானியின் கவுன்களும் என்னிடம்தான் வரும். துணியை எடுத்துப்போக வருகிற பங்களாச் சமையல்காரர் வெறுங்கையோடு வருவதில்லை. வெண்ணெய் தடவிய ரொட்டி, மிஞ்சிப்போன புட்டிங், சில நாள் பாதி காலியான, இனிப்புக் கெட்டிப்பால் அடைத்த பால்டின். தேநீர் ஐந்து தடவை, மூன்று வேளையும் சோறு. பசித்துச் சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடப் பிடித்திருந்தது, சாப்பிட்டேன்.

முட்டி வலிக்குது என்று போனபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயா மருந்து எதுவும் தரவில்லை. தோட்டத்தில் எங்களுக்கு டாக்டர் அவர்தான். வயதானவர், அதிகம் பேசாதவர்.

"ராத்திரி சோத்தக் கொறைங்க. டீயில பால் வேணாம். தெனம் காலையில மேட்டுல இருக்கற தண்ணித் தொட்டி வரைக்கும் ஏறி எறங்குங்க" என்றார்.

இரண்டு நாள் ஏறினேன். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

பிறகு சண்டை மூண்டு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை குடும்பம் அதற்கு முன்பே மலையை விட்டு இறங்கிவிட்டது. தோட்டத்து லாரியை எடுத்துக்கொண்டவர்கள் அதை ஓட்டியவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அண்ணன் இரண்டு முறை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பங்களாத் துணி நின்றது. புதுத் துணியே மலைக்கு வராததால் மற்ற தையலும் நின்றது. ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிராணி அளந்து கொடுத்த அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. அண்ணி பால் கொடுக்கிறவள். என் பங்கில் பாதியை அவள் தட்டில் போட ஆரம்பித்தேன். இதைத் தியாகம் என்று நினைக்க வேண்டாம். என் உடம்பை வைத்துக்கொண்டு, அவள் எதிரில் உட்கார்ந்து அந்தச் சோற்றை விழுங்க என்னால் முடியவில்லை.

கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சீனர்கள் காய்கறி போட்டிருந்தார்கள். முன்பு அங்கிருந்து எல்லாம் லாரியில் மேலே வரும். இப்போது வேண்டுமென்றால் நடந்து போய் எடுத்துவர வேண்டும். மூன்று மைல் இறக்கம், திரும்பும்போது அதே மூன்று மைல் ஏற்றம். கைக்குழந்தையோடு அண்ணி போக முடியாது. ஒருநாள் காலை ஒரு சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நான் கிளம்பினேன்.

சாலை முச்சந்தியில் ஒரு ஜப்பான் சிப்பாய் காவலுக்கு நின்றான். அவனுக்கு எல்லோரும் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். நானும் குனிந்தேன். என் வயிறு அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. திமிர் என்று நினைத்திருப்பான், ஓர் அறை விட்டான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

பள்ளத்தாக்கில் ஒரு சீனத்தி தன் புருஷனோடு கிழங்கும் கீரையும் போட்டு, பன்றியும் வளர்த்தாள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயில், தைக்கத் தெரியும் என்றேன். அவள் உள்ளே போய்க் கிழிந்த கால்சட்டை நான்கைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பையில் கொண்டுபோயிருந்த ஊசி நூலால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். சாக்கில் பாதிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மேலே ஒரு கட்டு அதன் கீரையும் வைத்துக் கொடுத்தாள்.

ஏறும்போதுதான் என் கதி தெரிந்தது. ஐம்பது அடி வைப்பேன், உட்காருவேன். அப்புறம் இருபது அடி. மூச்சு தொண்டைக்கு மேலே வராமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. சாலை திரும்பும் மூங்கில் வளைவு வந்தபோது கிழங்கில் பாதியைப் பெரணிச் செடிக்குள் கொட்டி மறைத்துவிட்டு, மீதியை இழுத்துக்கொண்டு பொழுது சாயும் நேரம் வீடு சேர்ந்தேன். மறுநாள் அண்ணி போய்ப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஸ்டோர் வாசலில் அரிசி வாங்க வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் தேயிலை பறிக்கிற, பக்கத்து லயத்துக் கொழுந்துக்காரி ஒருத்தி நின்றாள். என் வயதுதான், இரண்டு பிள்ளைகள், குச்சி போலக் கைகால். நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"எங்க புள்ளைங்க எலும்பும் தோலுமா கெடக்கு. இங்க ஒருத்தங்க ஒடம்பப் பாரு, கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்கா? பங்களா அரிசி மூட்டையெல்லாம் எங்க போச்சுன்னு இப்பல்ல தெரியுது."

நான் திரும்பவில்லை. காது மட்டும் எரிந்தது. அன்று சாயங்காலம் அவளும் இன்னும் மூன்று பெண்களும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் அழத் தயாராக இருந்தேன். அண்ணி அப்படி இல்லை.

"உள்ள வாங்க. நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லி, ஒவ்வொரு பானையாக மூடியைத் திறந்து காட்டினாள். கட்டிலுக்குக் கீழே இருந்ததை இழுத்துப் போட்டாள். கிழங்குக் கீரை, கொஞ்சம் மரவள்ளி, குழந்தைக்குக் கஞ்சி வைக்க ஒரு டின்னின் அடியில் இரண்டு கைப்பிடி அரிசி. அவ்வளவுதான் இருந்தது. மற்ற மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கொழுந்துக்காரி மட்டும் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"வளைவுல கெடந்த கெழங்கு ஒங்களுதா?" என்றாள்.

"ஆமா."

"நான்தான் எடுத்தேன். புள்ளைங்க தின்னுடுச்சிங்க." வாசல்வரை போய்த் திரும்பினாள். "சனிக்கெழம நான் பெர்த்தாமுக்குப் போறேன். வரீங்களா? நான் மேல தூக்கியாந்து தரேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஏற்றம் நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமைக்கு முன்னால் டிரஸ்ஸர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். இந்த முறை வலி என்று போகவில்லை. "ஐயா, இந்த ஒடம்பு எறங்கணும். என்ன செய்யணும் சொல்லுங்க" என்றேன். சொன்னதுமே வெட்கமாகிவிட்டது. வெளியே வராந்தாவில் காய்ச்சலிலும் புண்ணிலும் வாடிப்போன ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் இது விழுந்தால் என்ன நினைப்பார்கள்?

அவர் சிரிக்கவில்லை. என்னென்ன சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரிசியை அண்ணிக்குக் கொடுப்பதைச் சொன்னேன்.

"அரிசிய விட்டுக்குடுங்க, பரவால்ல. கீரை, பயறு, கடலை கெடைச்சா அத விட்டுக்குடுக்காதீங்க. பட்டினி வேற, பத்தியம் வேற. பட்டினி கெடந்தா சதை போறதுக்கு முந்தி ஒங்க பலம் போயிடும். ஏறும்போது ரெண்டு வார்த்த சேத்துப் பேச முடியணும். முடியலன்னா நின்னுடுங்க. மூச்சு வந்தப்புறம் ஏறுங்க. பல்லக் கடிச்சிக்கிட்டு ஏற வேணாம்."

அந்தப் பேச்சு விஷயத்தைக் கொழுந்துக்காரியிடம் போகிற வழியில் சொன்னேன். அவள் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊரே சோத்துக்குத் தவிக்குது. நீங்க எளைக்கறதுக்கு வைத்தியம் பாக்குறீங்களா?"

"தப்புதான்" என்றேன்.

"தப்பு இல்ல லா. சிரிப்பு வருது, அவ்வளவுதான்" என்றாள். உண்மையாகவே சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி ஏறத் தொடங்கியதும் டிரஸ்ஸர் சொன்னதை அவள் ஒரு கட்டளை போல எடுத்துக்கொண்டாள்.

"பேசுங்க."

"என்ன... பேச?"

"காலையில என்னா தின்னீங்க?"

"கெழங்கு."

"அப்புறம்?"

"கெழங்குதான்."

"மூச்சு வாங்குது, நில்லுங்க." கூடையின் கயிறு தலையில் பதிந்திருக்க, இரண்டு பேர் சுமையையும் முதுகில் தாங்கிக்கொண்டு, நான் மூச்சு விடும்வரை அவள் நின்றாள். "இப்ப நடங்க. அண்ணி எந்த ஊரு?"

அன்று எத்தனை தடவை நின்றோம் என்று நினைவில்லை. ஆனால் வழியில் எதையும் கொட்டவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை என்று வழக்கமாகிவிட்டது. நடுவில் உள்ள நாட்களில் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினேன். முதலில் பாதிவரை, பிறகு முழுதும், பிறகு இரண்டு தடவை. மழை என்றால் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினேன். ஒரு மாதம் ஆனதும், "இனிமே ஒங்க சொமை ஒங்களுக்கு" என்றாள் அவள். சாக்கைக் கட்டித் தலையில் வைத்து நடக்கச் சொல்லிக் கொடுத்தாள். பழந்துணியைச் சும்மாடு கட்டி, கழுத்தை நேராக்கி, பார்வையைப் பத்தடி தூரத்தில் வைக்க வேண்டும். மிஷின் மேல் வருஷக்கணக்கில் குனிந்து கிடந்த முதுகு என்னுடையது. முதல் வாரம் பிடரி விண்விண் என்று தெறித்தது. பிறகு ஒருநாள் அண்ணி என்னைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, நீ உயரமாகிவிட்டாயா என்று கேட்டாள்.

முச்சந்திச் சிப்பாய் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் மூட்டையை இறக்கி வைத்து, இடுப்பு மடியக் குனிந்து, மறுபடி மூட்டையைத் தூக்க வேண்டும். "இவன் வேற தனியாப் பயிற்சி குடுக்கறான்" என்று என் தோழி உதடு அசையாமல் சொல்வாள். ஆம், அதற்குள் அவள் என் தோழியாகிவிட்டாள். வாங்க போங்க என்பதும் எப்போதோ போய்விட்டது.

அவள் வாழ்க்கை முழுவதையும் அந்த ஏற்றத்தில்தான் கேட்டேன். ஆரம்பத்தில் அவள் சொல்வாள், நான் உம் கொட்டுவேன். மூச்சு வளர வளர என் பங்கும் கூடியது. ஆறாம் மாதம், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போன கதையை, மூங்கில் வளைவில் ஆரம்பித்து முச்சந்திவரை நிற்காமல் சொல்லி முடித்தேன். நிற்கவில்லை என்பதை நாங்கள் இருவரும் கவனித்ததே மேலே வந்த பிறகுதான்.

சாப்பாட்டிலும் ஓர் ஒழுங்கு வந்தது. காலையில் அவித்த கிழங்கு ஒன்று, பாலும் சீனியும் இல்லாத தேநீர். மத்தியானம் முட்டைக்கோஸோ கீரையோ ஒரு பெரிய கிண்ணம், கொஞ்சம் சோறு. சாயங்காலம் கிடைத்த அன்றைக்குப் பயறு, கிடைக்காத அன்றைக்கு மறுபடி கீரை. சீனத்தி சில சமயம் சோயா அரைத்து எடுத்த சக்கையைக் கொடுப்பாள். அதை உப்புப் போட்டு வதக்கினால் நன்றாகவே இருக்கும். வாய் இனிப்புக்கு ஏங்கியது உண்மை. கனவில் பால்டின் வந்ததும் உண்மை. ஆனால் முன்பெல்லாம் எதைச் சாப்பிட்டாலும் அதன் ருசி பாதிதான் தெரிந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

என் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்து, பக்கங்களை வெட்டிச் சிறிதாக்கினேன். வெட்டிய துண்டுகளை ஒட்டித் தோழியின் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை தைத்தேன். மலையில் ஜனங்கள் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என்னுடைய பழைய பாவாடை ஒன்று எங்கள் லயத்தில் மூன்று குழந்தைகளுக்குத் துணியானது. அவ்வளவு துணியை நான் ஒருத்தி சுற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது சிரிப்பாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

இரண்டாம் வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்ற ஆண்களில் பெயர் வாசிக்கப்பட்டவர்களை அங்கிருந்தே லாரியில் ஏற்றினார்கள். தோழியின் புருஷனும் போனார். மறுநாள் அவள் பெர்த்தாமுக்கு வந்தாள், ஆனால் அன்று ஏற்றம் முழுவதும் பேச்சே இல்லை. மூச்சு இருந்தும் நாங்கள் பேசாமல் ஏறிய நாள் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவள் தன் பங்குச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கே போட ஆரம்பித்தாள். எனக்கு அது தெரியாது. அவள் தின்றது வெறும் மரவள்ளி. சில மாதங்கள் கழித்து ஒருநாள் ஓடையில் கால் கழுவும்போது அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன். குச்சியாக இருந்த கால் உருண்டு திரண்டிருந்தது. முகமும் கொஞ்சம் நிறைந்தாற்போல இருந்தது. எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

"பரவால்லையே, நீயும் சதை போட்டுட்ட" என்றேன்.

"ஆமா, ஒன்கிட்டேருந்து எறங்கினது எனக்கு வந்துடுச்சி" என்று சிரித்தாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை திரும்பி வரும்போது, மூங்கில் வளைவுக்குக் கொஞ்சம் மேலே, அவள் நடையை நிறுத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால் மரத்துப்போச்சு என்றாள். எழுப்பி நிறுத்தினால் முட்டி மடங்கியது. மூச்சு அவளுக்கு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. கிழங்கு மூட்டைகளைப் பெரணிக்குள் தள்ளிவிட்டு அவளை முதுகில் ஏற்றிக்கொண்டேன். வேண்டாம் என்றாள், திட்டினாள், பிறகு என் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஒரு மைலுக்கு மேல் இருக்கும். முச்சந்தியில் அவளை இறக்கி உட்காரவைத்து, சிப்பாய்க்குக் குனிந்துவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டேன். நான் இரண்டு தடவைதான் நின்றேன்.

டிரஸ்ஸர் ஐயா அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

"பாத்தீங்களா? இது சதை இல்ல, தண்ணி" என்றார் என்னிடம். பிறகு என் காலிலும் அதேபோல அழுத்தினார். உடனே குழி நிரம்பிவிட்டது. "ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. இவங்களுக்கு பெரிபெரி, சத்துக் கொறைஞ்சு வர்ற வீக்கம். ஊசி மருந்து எங்கிட்ட இல்ல. தவிடு கெடைக்குமா? அரிசித் தவிடு. அது கெடைச்சா பொழைச்சிக்குவாங்க."

தவிடு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெர்த்தாம் சீனத்தி பன்றிக்குப் போடுவதற்குக் கீழ் ஊரிலிருந்து வரும் லாரியில் கொஞ்சம் வரவழைப்பாள். மறுநாள் விடிந்ததும் தனியாக இறங்கினேன். அவளுக்கும் தவிடு கிடைப்பது அந்தக் காலத்தில் லேசில்லை. பன்றி மெலிந்தால் அவளுக்கு நஷ்டம். நான் என் காலில் விரலை அழுத்திக் காட்டி, தோழியின் உயரத்தைக் கையால் காட்டி, விஷயத்தைப் புரியவைத்தேன். எப்போதும் என்னோடு வருகிறவள் இன்று ஏன் இல்லை என்று சீனத்தியும் யோசித்திருக்கிறாள். உள்ளே போய் ஒரு பால்டின் நிறையத் தவிடும் ஒரு பிடி பச்சைப்பயறும் கொண்டுவந்தாள். பதிலுக்குத் தைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். கையை ஆட்டி, போ போ என்றாள்.

தவிட்டை வறுத்து, அவித்த கிழங்கோடு பிசைந்து உருட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தோழி மோந்து பார்த்தாள்.

"பன்னி திங்கறத நான் திங்கணுமா?"

"நானும்தான் திங்கறேன்" என்று ஓர் உருண்டையை வாயில் போட்டேன். தொண்டையில் மணலாக உரசியது. முகத்தை மாற்றாமல் விழுங்குவதற்குப் பெரும்பாடு பட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பொய் சொல்லத் தெரியல ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

ஏழு வாரம் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் இறங்கி ஏறினேன். அவள் பிள்ளைகள் எங்கள் வீட்டில் அண்ணியோடு இருந்தார்கள். முதல் பத்து நாள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு நீர் வடிய ஆரம்பித்தது. வீக்கம் இறங்கி அவள் பழைய குச்சிக் காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அன்று, அதை விட அழகான கால் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. எங்கள் சபையில் ஞாயிறு ஜெபம் நடத்த ஆள் இல்லாமல் போயிருந்த காலம். நானும் அண்ணியும் வீட்டிலேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னோம். தோழி வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நடக்க முடிந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய், வாசலில் நிற்கவைத்துவிட்டு, உள்ளே போய் எனக்காகவும் சேர்த்துக் கும்பிட்டு வந்தாள்.

சண்டை முடிந்ததும் அண்ணன் வந்தார். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பாதி வழி நடந்தே ஏறியிருந்தார். தாடியும் ஒட்டிய கன்னமுமாக வாசலில் நின்றவர் மகளைத் தூக்கினார், அண்ணியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் அண்ணி பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள இது? இவளுக்குச் சோறே போடலையா நீ?"

அண்ணி நான்கு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதும் விட்டாள்.

தோழியின் புருஷன் வரவில்லை. அவரோடு போன ஒருவர் திரும்பி வந்து, ரயில் பாதைக் கொட்டகையில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னார். அதனால் அந்த வருஷங்களைப் பற்றி யாராவது, உனக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. அந்த ஆட்சிக்கு நான் எதற்கும் கடன்பட்டவள் இல்லை. என் பானைகளைத் திறந்து காட்டிய அண்ணிக்கும், என் வெட்கத்தை வெட்கமாக எடுத்துக்கொள்ளாத டிரஸ்ஸருக்கும், பன்றியின் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தப் பெர்த்தாம் அம்மாவுக்கும், என்னைப் பேசு பேசு என்று அதட்டி மலையேற்றியவளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். நான்கு பேரும் இல்லை என்றால் நான் இளைத்திருப்பேன், அது உறுதி. ஆனால் பலமாக இருந்திருக்க மாட்டேன்.

அரிசி திரும்பவும் மலைக்கு வந்தபோது பயந்தேன். முதல் மாதம் கொஞ்சம் கூடத்தான் சாப்பிட்டேன், உடம்பும் கொஞ்சம் ஏறியது. டிரஸ்ஸர் ஐயா அதற்குள் ஓய்வு பெற்றுக் கீழே போய்விட்டார். கேட்பதற்கு ஆள் இல்லை. தோழியைக் கேட்டேன். "சோத்த ஒரு வேளைக்கு வெச்சிக்க. சனிக்கெழம பெர்த்தாம் போலாம்" என்றாள். காய்கறி மறுபடி லாரியில் வர ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆன பிறகும் நாங்கள் இருவரும் வெறும் சாக்கோடு இறங்கிப்போய், சீனத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு ஏறி வந்தோம்.

அவள் இப்போது மகளோடு ஈப்போவில் இருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். மகள் வீடு பெரிய வீடு, மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாம் இருக்கிறது. காலையில் நடக்கிறாயா என்று கேட்டேன்.

"நடக்கறேன். இங்க எல்லாம் சமதரை லா" என்று சலித்துக்கொண்டாள். "எவ்வளவு நடந்தாலும் நடந்த மாதிரியே இல்ல."